பூவில்லாத தேனும் உண்டு

மார்த்தாண்டத்தில் மூன்று தலைமுறையாகத் தேன்பெட்டி வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. 1920களில் இங்குள்ள ஒய்.எம்.சி.ஏ. மையம் பெட்டித் தேனீ வளர்ப்பைப் பரப்பிய பிறகு வந்த தலைமுறைகள். இம்முறை வந்த கேள்விகளில் ஐந்து.

பல மலர்த் தேன் என்று வாங்கினோம். போன பாட்டில் வெளிர் மஞ்சள், இந்தப் பாட்டில் கருஞ்சிவப்பு. எது கலப்படம்?

இரண்டுமே நல்ல தேனாக இருக்கலாம். எல்லா மாதமும் ஒரே நிறத்தில் வந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். எங்கள் ஊர்ச் சங்கதி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குமரி மாவட்டத்தில் பெருமளவு தேன் பூவிலிருந்து வருவதே இல்லை. மார்கழி, தை வாக்கில் ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும். மூன்று சிற்றிலைகள் கூடும் காம்பு முனையில் சிறு சுரப்பிகள் உண்டு. தளிர் முற்றும் நாட்களில் அவற்றில் இனிப்பு நீர் கசியும். தேனீ அதைத்தான் உறிஞ்சுகிறது. அந்தத் தேன் வெளிர் நிறம், மணம் குறைவு. புளியும் வேலியோரச் செடிகளும் பூக்கும்போது எடுப்பது அடர்நிறம். அதைத்தான் நான் பல மலர்த் தேன் என்பேன். ரப்பர் தேனில் குறையொன்றும் இல்லை. ஆனால் அதன் பாட்டிலில் காட்டுப்பூப் படம் ஒட்டுவது பொய். வாங்கும்போது விலையோடு, எந்த மாதம், எங்கே பெட்டி வைத்து எடுத்தது என்றும் கேளுங்கள்.

அடியில் சர்க்கரை போல உறைந்துவிட்டது. பாகு ஊற்றிவிட்டார்களா?

இல்லை. குளுக்கோஸ் மிகுந்த தேன் சீக்கிரம் உறையும்; ரப்பர் தேன் அந்த வகை. பாட்டிலைக் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் வைத்தால் இளகும். அடுப்பில் வைக்காதீர்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள். குளிரில் இன்னும் விரைவாக உறையும்.

தண்ணீரில் சொட்டு விடுவது, தீக்குச்சியை முக்கிப் பற்றவைப்பது, எறும்பு வருகிறதா பார்ப்பது: எது சரியான சோதனை?

ஒன்றும் இல்லை. முதலிரண்டும் காட்டுவது தேன் எவ்வளவு கெட்டி என்பதை மட்டும். ஈரப்பதம் கூடிய அசல் தேன் தோற்கும், கெட்டியான சர்க்கரைப் பாகு ஜெயிக்கும். எறும்புக்கு இரண்டும் ஒன்றே. ஆய்வகமே ஏமாறுகிறது என்பதுதான் வேடிக்கை. கரும்பு, மக்காச்சோளப் பாகுகளைப் பிடிக்கும் வழக்கமான சோதனையில் அரிசிப் பாகு தப்பிவிடும். 2020இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளைச் சோதித்தபோது, எல்லாச் சோதனைகளிலும் தேறியவை 3 மட்டுமே. நிறுவனங்கள் மறுத்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

மூடியைத் திறந்தால் நுரை பொங்குகிறது. புளிப்பு வாடையும் வருகிறது.

நொதித்துவிட்டது. உணவுப் பாதுகாப்பு விதிப்படி ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. நம் நாட்டுத் தேனீயின் தேன் இயல்பிலேயே சற்று நீர்த்தது. அடையைத் தேனீக்கள் மெழுகால் மூடும்வரை பொறுக்காமல், அவசரப்பட்டு எடுத்தால் இப்படித்தான் ஆகும். இது கலப்படமில்லை, எடுத்தவருடைய அவசரம். திருப்பிக் கொடுங்கள். (ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு நாக்கில் தடவலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். கூடவே கூடாது. எவ்வளவு சுத்தமான தேனிலும், பொட்டுலிசம் என்னும் ஆபத்தான நரம்பு நோயைத் தரும் கிருமியின் வித்துகள் இருக்கலாம்.)

நீங்களும் தேனீக்குச் சர்க்கரை கொடுப்பதுண்டா? மறைக்காமல் சொல்லுங்கள்.

கொடுப்போம். மழை மாதங்களில் வெளியே தீனி கிடையாது. பட்டினி போட்டால் கூட்டம் பெட்டியை விட்டு ஓடிவிடும். 1990களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் தென்னிந்தியப் பெட்டிகளைக் காலி செய்தபோது அப்பா பட்ட பாடு நினைவிருக்கிறது. கூட்டத்தைப் பிழைக்க வைப்பதே எங்களுக்கு முதல் வேலை. கணக்கு ஒன்றே: பாகு கொடுக்கும் காலத்தில் பெட்டியின் மேலே, நாங்கள் எடுக்கும் தேன் சேரும் அறையை வைக்கக்கூடாது, தேன் வரத்து தொடங்கும் முன்பே பாகை நிறுத்திவிட வேண்டும். சர்க்கரையே கொடுத்ததில்லை என்று சத்தியம் செய்யும் குமரிக்காரரிடம், ஆனி மழையில் அவருடைய தேனீக்கள் எதைத் தின்றன என்று கேட்டுப் பாருங்கள்.