லீவு நாளில் ஆபீஸ்காரர்கள் தண்ணி பார்ட்டிக்குக் கூப்பிட்டால் போக வேண்டுமா? குடிப்பழக்கம் இல்லை, பஸ்ஸை விட்டால் வேறு வழியும் இல்லை

கேள்வி கேட்ட தம்பி மண்டபம் பக்கம் ஒரு மீன் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். மே 1 லீவுக்கு எல்லோரும் ராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடத்தில் ஒரு தோப்பில் கூடுகிறார்களாம், போகாவிட்டால் ஒதுக்கிவிடுவார்களோ என்று பயப்படுகிறார். நானும் அதே ரூட்டில்தான் வேலைக்குப் போகிறேன், திருப்பாலைக்குடியிலிருந்து ராமநாதபுரம் (நாங்கள் ராம்நாட் என்போம்) வந்து அங்கே பஸ் மாறி. அதனால் நேராகவே சொல்கிறேன். குடிக்காமல் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பதை எப்படியாவது சமாளித்துவிடலாம். திரும்பி வருகிற வழியை முடிவு பண்ணாமல் மட்டும் கிளம்பாதீர்கள்.

இந்த மாதிரி கூட்டமெல்லாம் மே மாதத்தில் வருவதற்குக் காரணம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, கம்பெனியில் வரத்து குறைந்துவிடும், மேலே இருப்பவர்களுக்கும் கொஞ்சம் நேரம் கிடைக்கும். மே 1 மதுக்கடைக்கும் லீவு என்பதால் முதல் நாளே வாங்கி வைத்துவிடுவார்கள். அதெல்லாம் அவர்கள் பாடு. ஆனால் பைக்கில் வருகிறவருக்கு இந்தப் பார்ட்டியால் போவது இரண்டு மூன்று மணி நேரம்தான், பஸ்ஸில் வருகிற நமக்கு முழு நாளும் போய்விடும். காலையில் குளித்துக் கிளம்பி, ரோட்டில் நின்று, ராம்நாட்டில் இறங்கி, அங்கே ராமேஸ்வரம் வண்டிக்கு நின்று, அதில் உட்கார இடமில்லாமல் உச்சிப்புளி வரை தொங்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் மத்தியானம் ஆகிவிடும். துணி துவைக்க, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக என்று ஒதுக்கி வைத்திருந்த நாள் அது. இதைக் கூப்பிடுகிறவர் ஒருவர்கூட யோசித்து நான் பார்த்ததில்லை, இதுதான் எனக்கு ரொம்பக் கோபம்.

அங்கே போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். "ஒரு பீராவது குடிப்பா, கம்பெனி குடு" என்று ஆரம்பிப்பார்கள். சிரித்துக்கொண்டே வேண்டாம் அண்ணே என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள், காரணம் சொல்லாதீர்கள். மாத்திரை சாப்பிடுகிறேன், விரதம் என்றெல்லாம் சொன்னால் அடுத்த தடவை அந்த மாத்திரை என்னாச்சு என்று கேட்பார்கள். கையில் ஒரு சோடாவோ மோரோ வைத்திருந்தால் யாரும் தம்ளரை நீட்ட மாட்டார்கள். மீன் வறுக்கிற இடத்தில் போய் நின்றுகொள்வது இன்னும் நல்லது, அங்கே வேலையும் இருக்கும், சமையல் செய்கிற அண்ணன்களோடு பேசவும் முடியும், ஒதுங்கி இருக்கிறான் என்ற பேச்சும் வராது.

இரண்டாவது ரவுண்டுக்கு அப்புறம் பேச்சு வேறு மாதிரி ஆகும். யாருக்குச் சம்பளம் ஏறும், ஜூன் 15க்கு அப்புறம் யாருக்கு நைட் ஷிப்ட், எந்தப் படகுக்காரர் கணக்கில் பாக்கி, எல்லாம் அங்கேதான் முடிவாகும். இறால் உரிக்கிற பெண்கள், கணக்கு எழுதுகிற அக்கா யாரையும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள், ஆனால் அவர்களுடைய ஷிப்டும் அந்தத் தோப்பில்தான் மாறும். குடிக்காத ஆள் அங்கே ஒருவர் இருந்தால் "இதை நாளைக்கு அக்காவையும் வைத்துப் பேசிக்கலாம் சார்" என்று சொல்ல முடியும். நான் சொல்லியிருக்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு தடவையாவது போய் வாருங்கள் என்று நான் சொல்வதற்கு இந்த ஒரே காரணம்தான், மற்றபடி அங்கே நமக்கு எதுவும் இல்லை. அங்கே கேட்ட சொந்தக் கதைகளை வெளியே சொல்லாதீர்கள், அது வேறு விஷயம்.

இப்போது பஸ். தங்கச்சிமடத்திலிருந்து ராமநாதபுரம் வர இரவு நேரத்திலும் வண்டி கிடைக்கும், மதுரை போகிற வண்டிகளே வரிசையாக வரும். பிரச்சினையே ராம்நாட்டுக்கு அப்புறம்தான். தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி பக்கம் போகிறவர்களுக்கும், அந்தப் பக்கம் ஏர்வாடி, சாயல்குடி போகிறவர்களுக்கும் எட்டு மணிக்கு மேல் ஒவ்வொரு வண்டியும் சந்தேகம். லீவு நாளில் ட்ரிப் கட் பண்ணுவார்கள், அதை எங்கேயும் எழுதிப் போட மாட்டார்கள். ஈசிஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், போகிற எக்ஸ்பிரஸ் வண்டியில் ஏறப் போனால் "உங்க ஊர்ல நிக்காதுப்பா" என்று கண்டக்டர் படியிலேயே நிறுத்திவிடுவார். ஆட்டோவில் கேட்டால் திரும்பி வருவதற்கும் சேர்த்துக் கேட்பார்கள், அவர்கள் மேல் தப்பில்லை, காலியாகத்தானே வர வேண்டும். ஆடி அமாவாசை, தை அமாவாசையை ஒட்டி வருகிற லீவு என்றால் பேச்சே வேண்டாம், ராமேஸ்வரமும் தேவிபட்டினமும் ஒரே நேரத்தில் நிரம்பிவிடும்.

அதனால் போகும்போதே பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பரிடம் கேளுங்கள். "கடைசி வண்டி எப்போ" என்று மட்டும் கேட்காதீர்கள், "இன்னைக்கு ஹால்ட் வண்டி உண்டா, எங்கே ஹால்ட்" என்று கேளுங்கள். ராத்திரி ஊரில் தங்கிக் காலையில் கிளம்புகிற வண்டி என்பதால் மற்ற ட்ரிப்பை விட அதை நம்பலாம். அதற்கு முந்தைய வண்டியைக் குறி வைத்துக் கிளம்புங்கள். ரயிலும் ஒரு வழி. 2022 டிசம்பரில் பாம்பன் பழைய ரயில் பாலத்தில் ரயிலை நிறுத்தியதிலிருந்து 2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாலம் திறக்கும் வரை தீவுக்குள் ரயிலே கிடையாது, மண்டபம் வந்துதான் ஏற வேண்டியிருந்தது. இப்போது அந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று, இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். குடித்தவர் "வா தம்பி, நான் ராம்நாட்டில் விடுறேன்" என்று பைக்கை எடுத்தால் ஏறாதீர்கள், அவர் மேனேஜராக இருந்தாலும் சரி. பாம்பன் ரோட்டுப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், பக்கவாட்டில் அடிக்கிற காற்றில் நிதானமாக இருக்கிறவருக்கே பைக் ஆடும், அதோடு கடலைப் பார்க்கிறேன் என்று கார்களை ஓரத்தில் நிறுத்தியிருப்பார்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தாலே குற்றம், முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, சில நேரம் இரண்டுமே. முடிந்தால் அவர் சாவியையும் வாங்கி தோப்புக்காரரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

போக விருப்பமே இல்லை என்றால் போகாதீர்கள். மே 1 சம்பளத்தோடு கூடிய விடுமுறை, 1958ஆம் வருடச் சட்டத்திலேயே இருக்கிறது, ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மாதிரி. அது உங்கள் நாள். "வீட்டில் வேலை இருக்கு சார், அடுத்த நாள் வர்றேன்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், அன்று காலையில் போன் பண்ணி இழுக்காதீர்கள். கொஞ்சம் பழகின பிறகு மேனேஜரிடம் தனியாக இதையும் கேட்டுப் பாருங்கள்: சார், அடுத்த தடவை ராம்நாட்டில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் மத்தியானச் சாப்பாடாக வைக்கலாமா, அக்காமாரும் வருவார்கள், அஞ்சு மணிக்கெல்லாம் எல்லோரும் வண்டி ஏறிவிடலாம். எங்கள் இடத்தில் கேட்டதற்கு ஒத்துக்கொண்டார்கள். குடிக்கிறவர்கள் அதற்கு அப்புறம் தனியாகப் போனார்கள், நான் ஆறரைக்கெல்லாம் வீட்டில் இருந்தேன்.