உளவு செயற்கைக்கோள் செய்ய ஆசைப்படும் மகள்: ஒரு தந்தைக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

போன சனிக்கிழமை நீங்கள் மகளோடு வந்தபோது வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். அவசரமாகப் பேசி அனுப்பிவிட்டேன்; அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. "பிளஸ் ஒன் படிக்கிற பொண்ணு உளவு சாட்டிலைட் பண்ணப் போறேங்கிறா, நமக்கு இதெல்லாம் சரிப்பட்டு வருமா சார்?" என்று கேட்டீர்கள். இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

அவள் என் மேசைமேல் விரித்து வைத்த நோட்டைக் கவனித்தீர்களா? 'ரிசாட்-2, 2009 ஏப்ரல் 20, காலை 6.45' என்று எழுதி சிவப்பு மையில் கோடு போட்டிருந்தாள். நம் நாட்டு ரேடார் செயற்கைக்கோள் ஒன்று விண்ணுக்குக் கிளம்பிய நேரம் அது. விளையாட்டாகச் சொல்கிற பிள்ளை நேரம் வரைக்கும் தேடி எழுதாது.

2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் கடல் வழியாக வந்தார்கள். மேகம் மூடினாலும் இருட்டினாலும் பார்க்கக்கூடிய கண் ஒன்று நமக்கு உடனே வேண்டியிருந்தது. நாமே செய்துகொண்டிருந்த ரேடார் செயற்கைக்கோள் ரிசாட்-1 தயாராகவில்லை. அதனால் இஸ்ரேலின் ரேடாரோடு, சுமார் 300 கிலோ எடையில் ரிசாட்-2 ஐந்தே மாதத்தில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. பேரிடர் மேலாண்மைக்கு உதவும் என்று இஸ்ரோ அறிவித்தது. எல்லைக் கண்காணிப்புக்குத்தான் என்று பத்திரிகைகள் எழுதின. எடையும் சுற்றுப்பாதையும் எல்லோருக்கும் தெரியும். எந்த நாளில் எந்த இடத்தைப் பார்த்தது, அந்தப் படம் யார் மேசைக்குப் போனது என்பது மட்டும் வெளியே வராது. நான்கு ஆண்டுக்கென்று செய்தது பதின்மூன்று ஆண்டு உழைத்து, 2022 அக்டோபர் 30 அன்று ஜகார்த்தா அருகே இந்தியப் பெருங்கடல் பகுதியில் விழுந்தது.

அதே ராக்கெட்டில் இன்னொன்றும் போனது: அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உருவான அனுசாட். 40 கிலோ எடை. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று செய்த முதல் செயற்கைக்கோள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ரகசியமெல்லாம் செயற்கைக்கோளைப் பயன்படுத்துவதில்தான். அதைச் செய்யக் கற்றுக்கொடுக்கும் படிப்பு நம் ஊர்க் கல்லூரியிலேயே திறந்து கிடக்கிறது.

ரேடார் செயற்கைக்கோள் தானே நுண்ணலைத் துடிப்புகளை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வாங்குகிறது. பறந்துகொண்டே வாங்கிய ஆயிரக்கணக்கான எதிரொலிகளைக் கணக்குப் போட்டு ஒன்றுசேர்த்தால், சில மீட்டர் ஆன்டெனா பல கிலோமீட்டர் நீள ஆன்டெனாபோல வேலை செய்யும். அந்தக் கணக்கின் உயிர்நாடி, அடுத்த வருஷம் பிளஸ் டூவில் அவள் படிக்கப்போகும் கலப்பு எண்கள். "இது எதுக்கு சார் உதவும்?" என்று பிள்ளைகள் அலுத்துக்கொள்ளும் அதே பாடம்தான்! டியூஷனில் அதை ஓட்டிவிட விடாதீர்கள்.

பெண் பிள்ளை என்று தயங்கினீர்கள். பின்னர் 2012 ஏப்ரல் 26 அன்று பறந்த அந்த ரிசாட்-1, நாமே செய்த முதல் ரேடார் செயற்கைக்கோள். அதன் திட்ட இயக்குநர் அரியலூரில் பிறந்த வளர்மதி. கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் பி.இ., பிறகு அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.இ. படித்தவர். அரசு தரும் அப்துல் கலாம் விருதை முதன்முதலில் வாங்கியவரும் அவரே. இந்தத் தயக்கத்தை இத்தோடு விட்டுவிடுங்கள், ஐயா.

இனி பணம். 'ஸ்பேஸ் டெக்னாலஜி' என்று பெயர் போட்ட ஒரு தனியார் கல்லூரிப் படிப்புக்கு நிலத்தை அடமானம் வைத்துச் சேர்ந்த பையன் ஒருவன், நாலு வருஷம் கழித்து என்னிடம் வந்து அழுதான். இஸ்ரோவின் பொது வேலைவாய்ப்பு அறிவிப்புகளில் பெரும்பாலும் கேட்பது எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டங்களைத்தான். பட்டத்தில் 65 சதவீத மதிப்பெண் அல்லது சி.ஜி.பி.ஏ. 10-க்கு 6.84 இருந்தால் விண்ணப்பிக்கலாம். அவன் சான்றிதழில் இருந்த பாடப்பெயர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. கவுன்சிலிங்கில் நல்ல அரசுக் கல்லூரியில் ஈ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்) கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுதினால் விண்வெளிப் படிப்புக்கென்றே இருக்கும் திருவனந்தபுரம் ஐ.ஐ.எஸ்.டி.யும் உண்டு, ஆனால் அங்கே இடம் கிடைத்தாலே இஸ்ரோ வேலை நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மதிப்பெண்ணும் காலியிடமும் பார்த்துத்தான் எடுப்பார்கள். பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வுக்கு, இன்ஜினீயரிங் படித்தவர்கள் எழுதும் கேட் (GATE) தேர்வு முக்கியம். எதுவும் கிடைக்காமல் போனாலும் ஈ.சி.இ. பட்டம் சோறு போடும்.

வேலை கிடைத்த பிறகு உள்ள நிலைமையையும் மறைக்க மாட்டேன். போலீஸ் சரிபார்ப்பு நடக்கும், அலுவலக ரகசியச் சட்டம் பொருந்தும். பாதுகாப்புத் துறைக்கான செயற்கைக்கோளில் வேலை என்றால் ராத்திரி பகலாக உழைத்த திட்டம் வெற்றி பெற்ற அன்று, "இன்னைக்கு என்னம்மா பண்ணினே?" என்று நீங்கள் கேட்டால் அவளால் சிரிக்கத்தான் முடியும். சொந்தக்காரர்கள் கேட்டாலும் அதேதான். தன் உழைப்பை வெளியே சொல்ல முடியாதது சிலருக்குப் பெரிய பாரம். அவள் அதைத் தாங்குவாளா என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். ஆனால் வீட்டில் ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது இதைப் பேசிப் பாருங்கள். பதினாறு வயதில் அவள் சொல்லும் பதில் மாறலாம், பரவாயில்லை. கேள்வி காதில் விழுந்திருக்க வேண்டும்.

அன்றைக்கு நீங்கள் போன் பேச வெளியே போனபோது, ஐரோப்பியர்களின் சென்டினல்-1 செயற்கைக்கோள் எடுத்த ரேடார் படம் ஒன்றை அவளுக்குக் கணினியில் காட்டினேன். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அமைதியான நீர், ரேடார் அலையை வேறு பக்கம் தெறிக்கவிட்டுவிடும், அதனால் செம்பரம்பாக்கம் ஏரி கறுப்பாகத் தெரிந்தது. சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பல்கள் இரும்பு என்பதால் வெள்ளைப் பொட்டுகளாக மின்னின. அவள் மூச்சுவிடாமல் திரைக்குக் கிட்டே போய் ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினாள். நீங்கள் திரும்பி வந்ததும் எழுந்துவிட்டாள், எண்ணிக்கை பாதியில் நின்றுபோனது.

உங்கள் ஊர் நூலகத்திலோ பள்ளிக் கணினி அறையிலோ அந்தச் செயற்கைக்கோளின் படங்களை அவள் திறந்து பார்க்க ஏற்பாடு செய்து கொடுங்கள். முழு ஆண்டுத் தேர்வு முடிந்து மறுபடி வரும்போது, இரண்டு வெவ்வேறு தேதிகளில் எத்தனை கப்பல் நின்றன என்ற கணக்கை நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். காத்திருக்கிறேன்.