விசைப்பலகைக்கு ஃபர்ம்வேர் ஏறவில்லை: குறை பலகையிலா, கணினியிலா?

கேள்வி: மார்த்தாண்டத்தில் டி.டி.பி. வேலை செய்து வருகிறேன். தமிழ்99 தட்டச்சுக்கு வசதியாக இருக்கும் என்று, ஃபர்ம்வேரை (பலகைக்குள் ஓடும் மென்பொருளை) நாமே மாற்றிக்கொள்ளக்கூடிய 61 விசைப் பலகை ஒன்றை இணையக் கடையில் வாங்கினேன். கியூ.எம்.கே. என்ற திறந்தமூல ஃபர்ம்வேர் தொகுப்பைக் கம்பைல் செய்தால், அதாவது நிரலைச் சில்லில் ஏற்றும் கோப்பாக மாற்றினால், முதலில் ஏதோ கோப்புகள் இல்லை என்று வந்தது. அதைச் சரிசெய்த பிறகு, 28,672 பைட்டுக்கு மேல் போய்விட்டது என்று நின்றுவிட்டது. விற்றவர் "இது சாஃப்ட்வேர் பிரச்சினை, நாங்கள் பொறுப்பல்ல" என்கிறார். பலகையைத் திருப்பித் தர முடியுமா?

பதில்: கம்பைல் செய்வது முழுக்க முழுக்க உங்கள் கணினிக்குள் நடக்கும் வேலை, பலகையைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுக்கூட அதைச் செய்யலாம். ஆகவே அந்தக் கட்டத்தில் வரும் பிழையைக் காட்டிப் பலகை பழுது என்று வாதிட முடியாது. இந்த அளவில் விற்றவர் சொல்வது சரியே.

கோப்புகள் இல்லை என்ற பிழைக்குப் பெரும்பாலும் காரணம், மூலநிரலை கிட்ஹப்பிலிருந்து ஜிப் கோப்பாக இறக்கியதுதான். அப்படி இறக்கினால் சப்மாட்யூல் எனப்படும் துணைத் தொகுப்புகள் கூடவே வருவதில்லை. 'கியூ.எம்.கே. செட்டப்' கட்டளையைக் கொண்டு இறக்கி, பிறகு 'கியூ.எம்.கே. டாக்டர்' கட்டளையை ஓடவிட்டால் எது குறைகிறது என்று அதுவே சொல்லிவிடும். கோப்புறையின் பாதையில் இடைவெளி இருந்தாலும் வீண் பிழைகள் வரும். திரையில் நாற்பது வரி சிவப்பாக ஓடினாலும் மேலே இருக்கும் முதல் பிழையை மட்டும் படியுங்கள். மற்றவை அதன் வால்கள். உதாரணமாக, 61 விசை கேட்கும் இடத்தில் 60 மட்டுமே தரப்பட்டுள்ளது என்று வந்தால், கீமேப்பில் (எந்த விசைக்கு எந்த வேலை என்ற பட்டியலில்) எங்கோ ஒரு விசையோ ஒரு காற்புள்ளியோ விடுபட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

28,672 என்ற எண் உங்கள் பலகையில் இருப்பது ஏ.டி.மெகா 32யு4 சில்லு என்று காட்டுகிறது. அதன் நினைவகம் 32 கிலோபைட். அதில் 4 கிலோபைட்டை, ஃபர்ம்வேரை ஏற்ற உதவும் சிறு நிரலான பூட்லோடர் எடுத்துக்கொள்ள, மீதம்தான் நமக்கு. தமிழ் எழுத்துகளையே யுனிகோடு அட்டவணையாக ஃபர்ம்வேருக்குள் எழுதியிருக்கிறீர்களோ என்று ஐயப்படுகிறேன். அது தேவையில்லை. பலகை கணினிக்கு அனுப்புவது எந்த விசை அழுத்தப்பட்டது என்ற குறியீட்டை மட்டுமே. அதைத் தமிழ்99 முறையில் எழுத்தாக்குவது கணினியில் உள்ள தட்டச்சு மென்பொருள். மொழி மாற்றும் குறுக்குவிசையை ஒரே விசையில் வைத்துக்கொண்டால் உங்கள் வேலை முடிந்தது. யுனிகோடு பகுதியை நீக்கி, 'ரூல்ஸ்' கோப்பில், நிரலின் அளவைச் சுருக்கும் எல்.டி.ஓ.வை இயக்கி, கன்சோல், கமாண்ட், மவுஸ் விசை ஆகிய மூன்றையும் அணைத்துப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் விளக்கு அலங்காரங்களில் கைவையுங்கள். வண்ண அனிமேஷன்கள்தான் இடத்தை விழுங்குபவை.

கேள்வி: தக்கலையில் படிக்கும் கல்லூரி மாணவன் நான். கம்பைல் ஆகிவிட்டது. ஏற்றும்போது கணினி பலகையைக் கண்டுகொள்ளவே இல்லை. சாடிக் என்ற கருவியில் டிரைவர் மாற்றிய பிறகு தட்டச்சும் நின்றுவிட்டது. பலகை செத்துவிட்டதா?

பதில்: சாகவில்லை. பலகை சாதாரண நிலையில் இருக்கும்போதே டிரைவரை மாற்றியிருக்கிறீர்கள். அதனால் விண்டோஸ் அதை விசைப்பலகையாகப் பார்ப்பதை நிறுத்திவிட்டது. வேறொரு கணினியில் செருகிப் பாருங்கள், தட்டச்சு ஆகும். உங்கள் கணினியில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, அந்தச் சாதனத்தை டிரைவரோடு சேர்த்து நீக்கிவிட்டு மறுபடி செருகினால் பழைய நிலை திரும்பிவிடும். சாடிக்கைத் தொடுவதாக இருந்தால் பலகை பூட்லோடர் நிலையில் இருக்கும்போது மட்டுமே தொட வேண்டும்.

கண்டுகொள்ளாததற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிள். சார்ஜ் ஏற்றுவதற்கு மட்டுமே ஆன கேபிள்களில் தரவு செல்லும் கம்பிகளே இருப்பதில்லை. வெளியில் பார்த்தால் வித்தியாசமும் தெரியாது. அந்தக் கேபிளில் கைப்பேசியைக் கணினியோடு இணைத்துப் படங்களைப் பார்க்க முடிகிறதா என்று சோதியுங்கள். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் யு.எஸ்.பி. முனையில் உப்புப் பூத்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது பூட்லோடர் நிலை. புரோ மைக்ரோ வகைப் பலகைகளில் ரீசெட் முனையையும் கிரவுண்டையும் அடுத்தடுத்து இரண்டு முறை சட்டென்று தொட்டெடுத்தால், சுமார் எட்டு நொடி மட்டுமே அந்தக் கதவு திறந்திருக்கும். அதற்குள் ஏற்றத் தொடங்காவிட்டால் பலகை தன் வழக்கமான வேலைக்குத் திரும்பிவிடும். எனவே ஏற்றும் மென்பொருளைத் தயாராகத் திறந்து வைத்துக்கொண்ட பிறகே ரீசெட் செய்யுங்கள். ஆர்.பி.2040 சில்லு என்றால் பூட்செல் பொத்தானை அழுத்தியபடி செருகினால் போதும். பென் டிரைவ் போல ஒரு டிரைவ் தோன்றும், அதில் யு.எஃப்.2 கோப்பை நகலெடுத்ததும் அது தானாக மறையும். டிரைவ் மறைந்ததைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள், ஆனால் அதுதான் வெற்றியின் அடையாளம். லினக்ஸ் பயன்படுத்துபவர்கள், சாதனத்தை அணுக அனுமதி தரும் யுடெவ் விதிகளைச் சேர்த்தார்களா என்றும், மோடம்களைத் தேடும் மோடம்மேனேஜர் சேவை குறுக்கே வருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வேறு மாடலுக்கான கோப்பைத் தவறி ஏற்றியிருந்தாலும் பூட்லோடர் பொதுவாகப் பத்திரமாகவே இருக்கும். ரீசெட் செய்து சரியான கோப்பை ஏற்றிவிடலாம். விற்றவர் தந்த மூல ஃபர்ம்வேரை ஏற்றிய பிறகும் ஒரு முழு கிடைவரிசையோ ஒரு முழு நெடுவரிசையோ வேலை செய்யவில்லை என்றால், அப்போது அது சால்டரிங் அல்லது டயோடு கோளாறு. அதை வீடியோ எடுத்து விற்றவருக்கு அனுப்பி, மாற்றித் தரும்படி தயங்காமல் கேளுங்கள். இதற்காகவே அந்த மூல ஃபர்ம்வேர் கோப்பை முதல் நாளே கேட்டு வாங்கிவைப்பது நல்லது.

கேள்வி: புதிய கீமேப்பை ஏற்றியும் பழைய விசைகளே வருகின்றன. (இரணியல் வாசகர்)

பதில்: வியா (கம்பைல் செய்யாமலே விசைகளை மாற்ற உதவும் செயலி) இயக்கப்பட்ட பலகைகளில் கீமேப் ஈப்ராம் என்ற நிலைநினைவகத்தில் தனியாகச் சேமிக்கப்படுகிறது, ஃபர்ம்வேர் மாறினாலும் அது எஞ்சியிருக்கலாம். பூட்மேஜிக் வசதி இருந்தால், இடப்பக்க மேல்மூலை விசையை, வழக்கமாக எஸ்கேப்பை, அழுத்திக்கொண்டே செருகுங்கள். ஈப்ராமில் உள்ள பழைய கீமேப் அழிந்து பலகை பூட்லோடர் நிலைக்குப் போகும். பழைய வழிகாட்டிகளில் உள்ளபடி 'வியா' கீமேப்பைக் கம்பைல் செய்ய முயன்று, அது இல்லை என்று வந்தால் திகைக்க வேண்டாம். 2024இல் அவை முதன்மைத் தொகுப்பிலிருந்து வேறிடத்துக்கு மாற்றப்பட்டன.

கேள்வி: "கியூ.எம்.கே., வியா இரண்டும் உண்டு" என்று விளம்பரம் செய்து விற்றார்கள். மூலநிரலும் தரவில்லை, பலகையின் அமைப்பை வியாவுக்குச் சொல்லும் ஜேசான் கோப்பும் தரவில்லை. நாகர்கோவிலில் எங்கே புகார் செய்வது?

பதில்: மேலே உள்ள மூன்று கேள்விகளிலும் இல்லாத சட்டப் பலம் உங்களுக்கு இருக்கிறது. விளம்பரத்தில் சொன்ன வசதி பொருளில் இல்லையென்றால், அதைத் திரும்பப் பெற மறுக்கக்கூடாது என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொல்கின்றன. கியூ.எம்.கே. ஜி.பி.எல். என்ற திறந்தமூல உரிமத்தில் வெளியிடப்படுவதால், அதை மாற்றிப் பலகையில் ஏற்றி விற்பவர் மூலநிரலையும் தரக் கடமைப்பட்டவர். இருந்தாலும் உரிம மீறலைக் கேட்பது அந்த நிரலை எழுதியவர்களின் உரிமை என்பதால், வாங்கியவர் என்ற முறையில் நீங்கள் விளம்பரத்தைப் பிடித்துக்கொள்வதே வலுவானது. மூலநிரல் தராத பலகையை, அதை விற்பவர் எப்படி அழைத்தாலும், நான் திருத்தத்தக்க பலகை என்று கருதமாட்டேன்.

முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். பலனில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. சிக்கல் எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் இருந்தால் தீர்ப்பு கிடைத்தாலும் பணத்தை வாங்குவது கடினம். அப்போது பணம் செலுத்திய அட்டையின் வங்கி வழியாக அந்தக் கட்டணத்தை மறுத்துப் பணத்தைத் திரும்பக் கோருவதே (சார்ஜ்பேக்) விரைவான வழி.

இன்றைக்கே விற்பனைப் பக்கத்தைத் தேதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள். புகார் போனதும் "வியா உண்டு" என்ற வரி அங்கிருந்து காணாமல் போய்விடலாம்.