ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) வருவதற்கு முன் சென்னை–மரக்காணம் கடலோரப் போக்குவரத்து எப்படி இருந்தது?

பெரும்பகுதி தண்ணீரில்தான். 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டிய கால்வாய், பிறகு வடக்கே ஆந்திரா வரைக்கும் தெற்கே மரக்காணம் வரைக்கும் நீண்டது. நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த துண்டு, 1877-78 பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பெயரில் பக்கிங்காம் கால்வாய் ஆனது.

உப்பு, விறகு, நெல் எல்லாம் படகில் வரும். காற்று வாகாக இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லையென்றால் கரையில் நடந்தபடியே ஆட்கள் கயிறு கட்டி இழுக்க வேண்டியதுதான். மெதுவான பயணம், ஆனால் மலிவு.

ரயிலும் லாரியும் சரக்கைப் பிடித்துக்கொண்டன. 1965, 66 புயல்கள் கால்வாயை இன்னும் சிதைத்தன. அப்புறம் தூர் வாருவதும் குறைந்தது. 1998-ல் ஈ.சி.ஆர். திறந்ததும் கடலோரப் பயணம் முழுக்கத் தார்ச்சாலைக்கு வந்துவிட்டது. மயிலாப்பூர் பக்கம் பறக்கும் ரயிலின் தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே நட்டிருக்கிறார்கள். அங்கே இனி படகு விடுவது நடக்காத காரியம் என்றே நினைக்கிறேன்.