சென்னை மொட்டைமாடியிலிருந்து இளவேனில் வானில் என்ன பார்க்கலாம்?

டெலஸ்கோப் இல்லை, மொட்டைமாடி மட்டும்தான் இருக்கிறது, பங்குனியிலிருந்து வைகாசி வரை ராத்திரியில் எதைத் தேடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: தெற்கே பாருங்கள். இணையத்தில் கிடைக்கும் வசந்தகால வான வரைபடங்களில் பெரும்பாலானவை 40, 50 பாகை அட்சரேகையில் இருப்பவர்களுக்காகப் போட்டவை. நாம் இருப்பது 13 பாகையில். அவர்கள் ஊரில் அடிவானத்தைத் தாண்டியே வராத தென்வானம் நமக்கு நன்றாகத் தெரியும். அதை விட்டுவிட்டு அவர்கள் படத்தை வைத்துத் தேடினால் பாதி வானம் நழுவிவிடும்.

ஆனால் தொடங்க வேண்டிய இடம் தலைக்கு மேலே. ஏப்ரல் நடுவில் இரவு 8.45 வாக்கில் அண்ணாந்து பார்த்தால் உச்சியில் நிற்பது மகம். சரியான உச்சியிலிருந்து 1 பாகைதான் விலகல். அதிலிருந்து வடக்காக அரிவாள் போல வளையும் நட்சத்திரங்கள் சிம்மத்தின் தலை. மகம் அந்த அரிவாளின் பிடி. கிழக்கே தள்ளி ஒரு முக்கோணம் இருக்கும்: இரண்டு பூரம், கடைசி முனை உத்திரம். காலண்டரில் தினமும் பார்க்கிற பெயர்கள்தான். மாசி மகம், பங்குனி உத்திரம், சித்ரா பௌர்ணமி எல்லாமே அந்த நட்சத்திரத்தின் பக்கம் முழுநிலவு வரும் நாட்கள். சித்ரா பௌர்ணமி அன்று நிலாவுக்கு அருகில் வெள்ளையாக மின்னுவது சித்திரை நட்சத்திரமேதான்.

வடக்கே சப்தரிஷி மண்டலம்: அகப்பை வடிவில் ஏழு நட்சத்திரங்கள். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். படங்களில் அகப்பை நிமிர்ந்திருக்கும். சென்னையில் ஏப்ரல் இரவு 10 மணிக்கு அது கவிழ்ந்து, வாய் கீழே பார்த்தபடி இருக்கும். கிண்ணத்தின் இடது விளிம்பிலுள்ள இரண்டு நட்சத்திரங்களை இணைத்துக் கீழே ஐந்து மடங்கு நீட்டினால் துருவ நட்சத்திரம். அதன் உயரம் 13 பாகை மட்டுமே. கையை நீட்டி மடக்கிய முட்டி 10 பாகை, ஆக ஒரு முட்டிக்குச் சற்று மேலே. நகர வெளிச்சமும் புழுதியும் அதை விழுங்கிவிடும் நாட்கள் அதிகம். தெரியவில்லை என்றால் உங்கள் கண்ணில் கோளாறில்லை.

அகப்பைக் காம்பின் நடு நட்சத்திரம் வசிஷ்டர், ஒட்டியிருக்கும் மங்கலானது அருந்ததி. முகூர்த்தம் பெரும்பாலும் பகலில் என்பதால் அருந்ததி பார்த்தவர்களில் அதிகம் பேர் நிஜமாகப் பார்த்ததில்லை. இந்த மாதங்களில் பார்த்துவிடுங்கள். இரண்டுக்கும் இடைவெளி நிலாவின் விட்டத்தில் பாதிக்கும் குறைவு. தி. நகர் போன்ற இடங்களில் வெறுங்கண்ணுக்குச் சிரமம், பைனாகுலரில் சுலபம். காம்பின் வளைவை அப்படியே கிழக்கே நீட்டினால் ஆரஞ்சு நிறத்தில் சுவாதி, இன்னும் நீட்டினால் சித்திரை. சித்திரைக்கு மேற்கே கோணல் நாற்கரமாக நான்கு நட்சத்திரங்கள்: அஸ்தம்.

இனி தெற்கு. தென்சிலுவையை நம் மரபில் திரிசங்கு என்பார்கள். ஏப்ரல் நடுவில் இரவு 8 மணிக்குத் தெற்கே ஒரு சிலுவை தெரியும். அது பொய்ச் சிலுவை. அளவில் பெரியது, மங்கலானது. நிஜமானது அப்போதுதான் தென்கிழக்கில் இடப்பக்கம் சாய்ந்தபடி எழும்பிக்கொண்டிருக்கும். 11 மணிக்கு நேர் தெற்கில் நிமிர்ந்து நிற்கும். ஒவ்வொரு நாளும் 4 நிமிடம் முந்தும் என்பதால் மே நடுவில் 9 மணிக்கே அந்த இடத்துக்கு வந்துவிடும். உயரம் சொற்பம்: அடி நட்சத்திரம் 14 பாகை, தலை நட்சத்திரம் 20 பாகை. மொத்தச் சிலுவையும் நீட்டிய கையின் ஒரு முட்டிக்குள் அடங்கிவிடும். பெரிதாக எதிர்பார்த்துத் தேடுவதால்தான் கண்டுபிடிக்க முடிவதில்லை. தலை நட்சத்திரம் செம்மஞ்சள், மற்றவை நீலவெண்மை. சந்தேகம் வந்தால் இடப்பக்கம் பாருங்கள். இரண்டு பளிச்சென்ற நட்சத்திரங்கள் காவலுக்கு நிற்கும். சிலுவையிலிருந்து தள்ளி இருப்பது ஆல்ஃபா சென்டாரி, 4.4 ஒளியாண்டில் நம் பக்கத்து வீடு. பொய்ச் சிலுவைக்கு இந்தத் துணை கிடையாது.

தெற்கு மறைந்த மாடியாக இருந்தால் திருவான்மியூருக்குத் தெற்கே கடற்கரைக்குப் போங்கள். அங்கிருந்து மாமல்லபுரம் வரை கரை லேசாகத் தென்மேற்கே சாய்ந்து போவதால் நேர் தெற்கும் கடல்மேல்தான் விழும். ஈசிஆர் சாலை விளக்குகள் வலப்பக்கம் ஒதுங்கிவிடும்.

பைனாகுலர் இருந்தால் (7×50 அல்லது 10×50 போதும்) ஒமேகா சென்டாரியைத் தவறவிடாதீர்கள். ஏறக்குறைய 1 கோடி நட்சத்திரங்கள் கொண்ட பந்து, நம் பால்வீதியிலேயே பெரிய கோளக் கொத்து. மே நடுவில் இரவு 10 மணிக்குச் சித்திரை நட்சத்திரம் தெற்கில் உச்ச உயரத்தில் இருக்கும்போது அதற்கு நேர் கீழே மூன்றரை முட்டி இறங்குங்கள். புள்ளியாக இருக்காது, பஞ்சைப் பிய்த்து வைத்ததுபோல் வட்டமாக, நடுவில் அடர்ந்து தெரியும். பிரகாச எண் 3.9. எண் கூடக் கூட மங்கல், ஒரு படிக்குச் சுமார் 2.5 மடங்கு. 1856-இல் இந்தக் கணக்கை வகுத்த நார்மன் போக்சன், 1861 முதல் 1891-இல் இறக்கும்வரை நம் நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில்தான் பணிபுரிந்தார்.

பைனாகுலருக்கு இன்னொன்று பூசம்: புனர்பூசத்துக்கும் மகத்துக்கும் ஏறக்குறைய நடுவில், இருபது முப்பது நட்சத்திரங்கள் சிந்திக் கிடக்கும். ஏப்ரலில் 8 மணிக்குள் பாருங்கள், பிறகு மேற்கே சரியும். எரிகற்களுக்கு மே 5, 6 விடியலுக்கு முன் 3 மணியிலிருந்து 4.30 வரை கிழக்கே பார்க்கலாம். ஹாலி வால்நட்சத்திரம் விட்டுப்போன தூசு அது.

நாளைத் தேர்ந்தெடுக்கத் தினக் காலண்டரே போதும். தேய்பிறை சஷ்டியிலிருந்து வளர்பிறை பஞ்சமி வரை முன்னிரவில் நிலாத் தொந்தரவு குறைவு. கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடம் வேண்டும். நடுவில் ஒரு தடவை ஃபோன் திரையைப் பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்து. டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் இரண்டு மடிப்பு ஒட்டுங்கள். ஃபோனில் நட்சத்திரம் காட்டும் ஆப் வைத்திருந்து, அது காட்டும் திசை தப்பினால் மாடியின் இரும்புக் கம்பிகளோ காந்தம் வைத்த ஃபோன் கவரோ காரணமாக இருக்கும். கவரைக் கழற்றி, தள்ளி நின்று, ஃபோனை எட்டு போல் சுழற்றுங்கள்.

ஏசி அறையிலிருந்து பைனாகுலரை அப்படியே வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்க நீர் பூத்துவிடும். பையை மூடியபடியே அரைமணி முன்னதாக மாடியில் வைத்துவிடுங்கள். கடற்கரைக்குப் போய்வந்த பிறகு லென்ஸை உலர்ந்த துணியால் துடைக்கவே கூடாது. படிந்திருப்பது உப்பும் மணலும், பூச்சைக் கீறிவிடும். முதலில் ரப்பர் ஊதுகுழலால் ஊதி, பிறகு லென்ஸ் திரவம் நனைத்த தாளால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, அழுத்தாமல்.