உவமை சரி, காரணம் எங்க?

வணக்கம் சார். இங்கிலீஷ் கட்டுரைகளை அலசி எழுதுற ஒரு கோர்ஸ் படிக்கிறேன். ஒரு வாரம் மெட்டஃபர் (உருவகம்), அனஃபோரா (ஒரே சொல்லை ஒவ்வொரு வரி ஆரம்பத்துலயும் திருப்பிச் சொல்றது)ன்னு ரசிக்கச் சொன்னாங்க, அடுத்த வாரமே ஃபாலசி, அதாவது வாதத்துல வர்ற ஓட்டைகளோட லிஸ்ட்டை கையில கொடுத்துட்டாங்க. இப்ப எதைப் படிச்சாலும் ஏமாத்துறாங்கன்னே தோணுது. அலங்காரம்னாலே பொய் தானா?
– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அந்த லிஸ்ட்டைப் படிச்ச எல்லாருக்கும் கொஞ்ச நாள் இந்தக் காய்ச்சல் அடிக்கும், எனக்கும் அடிச்சுது, வீட்ல யாரும் என்கூட பேச முடியல.

ஃபாலசின்னு சொல்லணும்னா முதல்ல அங்க ஒரு வாதம் இருக்கணும்ல. 1940 ஜூன் 4 அன்னிக்கு, ரெண்டாம் உலகப்போர்ல பிரான்ஸோட டன்கிர்க் கடற்கரையில இருந்து படை தப்பிச்சு வந்த கையோட, பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் பார்லிமென்ட்ல கடற்கரையில சண்டை போடுவோம், வயல்ல சண்டை போடுவோம், தெருவுல சண்டை போடுவோம்னு அடுக்கினாரே, அங்க அவர் எதையும் நிரூபிக்கல, உறுதி சொல்றார், அவ்ளோதான். (இங்கிலீஷ்ல அந்த ‘சண்டை போடுவோம்’ முன்னாடி வரும், அதான் அனஃபோரா. தமிழ்ல வினை கடைசிக்குப் போயிடுறதால அதே பேச்சு எபிஸ்ட்ரஃபி, அதாவது ஒரே சொல் கடைசியில திரும்பத் திரும்ப வர்றது ஆயிடுது, கவனிச்சீங்களா?)

சிக்கல் எங்க வருதுன்னா, உவமை காரணத்தோட நாற்காலியில போய் உக்காரும்போது. ‘நாடும் ஒரு குடும்பம் மாதிரி தான், வரவுக்கு மேல செலவு பண்ணா குடும்பம் நொடிச்சுப் போகும், அதனால அரசு கடனே வாங்கக் கூடாது.’ ஸ்கூல்ல உவமானம், உவமேயம், பொதுத்தன்மைன்னு படிச்சோமே, அது இங்க தான் உதவும். வரவு செலவு ரெண்டுக்கும் பொது, சரி. ஆனா எந்தக் குடும்பம் வரி போடுது, எந்தக் குடும்பம் சொந்தமா நோட்டு அடிக்குது? முடிவு நிக்கிறது அந்த ஒத்துப்போகாத இடத்துல. இதுக்குப் பேர் தான் ஃபால்ஸ் அனாலஜி. அதுக்காக அரசு கடன் வாங்குறது நல்லதுன்னு ஆயிடாது, அதுக்கு வேற காரணம் இருக்கலாம், இந்த உவமை அதைச் சொல்லல, அவ்ளோதான்.

அட் ஹாமினம் (வாதத்தை விட்டுட்டு ஆளைத் தாக்குறது) கதையும் இதே தான். ‘நீ முட்டாள்’ங்கிறது வெறும் திட்டு. ‘நீ முட்டாள், அதனால உன் கணக்கு தப்பு’ங்கிறது தான் ஃபாலசி. ஆனா கோர்ட்ல ஒரு சாட்சி காசு வாங்கினவர்னு காட்டினா அது நியாயமான கேள்வி, ஏன்னா அங்க நாம நம்பி நிக்கிறதே அவர் வார்த்தையை.

அடுத்த அசைன்மென்ட்ல மெட்டஃபரை விட்டுட்டு ‘சோ’, ‘தேர்ஃபோர்’ வர்ற இடத்துல மட்டும் கோடு போட்டுப் பாருங்க. கெட்டிக்காரங்க அந்தச் சொல்லை எழுதவே மாட்டாங்க, ரெண்டு வாக்கியத்தைப் பக்கத்துல பக்கத்துல வச்சிட்டு நகர்ந்துடுவாங்க, அங்க அந்த ‘அதனால’வை நீங்களே போட்டுப் படிக்கணும்.