வீட்டுக்கு வரும் குரங்குகளுக்கு உணவு கொடுப்பதில் என்ன தவறு?

இந்தத் தவற்றை ஏறக்குறைய ஓராண்டுக் காலம் செய்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். நீங்களும் மலையூர் ஒன்றில் குடியிருக்கிறீர்கள், ஜன்னலில் வந்து உட்காரும் குரங்கை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை என்றே எண்ணிக்கொள்கிறேன்.

வால்பாறையில் வேலை பார்த்தபோது, புதுத்தோட்டம் பக்கம், தேயிலைத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடுகளை ஒட்டிக் குடியிருந்தேன். அங்கே வருபவை கோயில் படிக்கட்டுகளில் காணும் நாட்டுக்குரங்குகள் அல்ல. கறுத்த உடலும் முகத்தைச் சுற்றி நரைத்த பிடரியும் கொண்ட சிங்கவால் குரங்குகள். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெந்தக் காட்டிலும் அவை இல்லை. அத்தகைய விலங்கு என் சமையலறையைத் தேடி வருகிறதே என்ற பெருமையில், முதலில் வாழைப்பழம், பிறகு ரொட்டி, கடைசியில் மிஞ்சிய இட்லி என்று கொடுத்துப் பழக்கினேன்.

ஒரு ஜூன் மாதத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு நான்கு நாள் பொள்ளாச்சிக்குப் போயிருந்தேன். என் ஜன்னல் திறக்கவில்லை என்றதும் கூட்டம் அடுத்த லயனுக்குச் சென்று, கொழுந்து பறிக்கும் ஓர் அக்காவின் வீட்டுக் கூரைத் தகரத்தை நெம்பி உள்ளே இறங்கியிருக்கிறது. அரிசி, முட்டை, பிள்ளைகளுக்கு வாங்கி வைத்திருந்த பிஸ்கட் எதுவும் மிஞ்சவில்லை. அதைவிடக் கொடுமை, அந்த ஓட்டை வழியே இரண்டு இரவு மழை இறங்கியது. "சார், உங்க வீட்ல சாப்பிட்டுப் பழகுனது எங்க வீட்ல வந்து கேக்குது" என்றார், கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தகரத்துக்கும் அரிசிக்கும் நான் பணம் கொடுத்தேன் என்பதை இங்கே பெருமைக்காகச் சொல்லவில்லை. நனைந்துபோன பள்ளிப் புத்தகங்களுக்கு என்ன கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"காட்டை அழித்தது மனிதன்தானே, பசித்து வருவதற்குக் கொடுத்தால் என்ன?" என்று சிலர் வாதிடுவார்கள். சோலைக்காடு தோட்டமாகித் துண்டு துண்டாகக் கிடப்பது உண்மைதான். ஆனால் வெடிப்பலா என்ற காட்டு மரத்தின் காய்களையும் பூச்சிகளையும் தேடி மரம் மரமாக நாள் முழுதும் அலைய வேண்டிய விலங்குக்கு, ஒரு நிமிடத்தில் இட்லி கிடைத்தால் அது ஏன் மரத்தில் இருக்கப் போகிறது? தரைக்கு இறங்கிச் சாலையைக் கடக்கிறது, வண்டியில் அடிபடுகிறது. அதற்காகவே அங்கே சாலைக்கு மேல் மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். சுற்றுலா வந்தவர்களோ அந்தப் பாலத்தின் கீழேயே காரை நிறுத்திச் சிப்ஸ் வீசுகிறார்கள். அவர்கள் மாலையில் மலையிறங்கிவிடுவார்கள், தகரக் கூரையின் கீழ் உறங்குபவர்கள் அவர்கள் அல்லர்.

நான் ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்தேன். முதல் வாரம் பெரிய ஆண்குரங்கு வலையைப் பிடித்து உலுக்கியது, பல்லைக் காட்டியது. இரண்டு மாதத்தில் என் வீட்டுப் பக்கம் வருவது குறைந்தது. அந்த அக்கா மட்டும், கூரைத் தகரத்தின் மேல் தூக்கி வைத்த கற்களை நான் ஊரைவிட்டு வரும்வரை இறக்கவில்லை.